சிரித்தார்கள் சரி, பாடம் எங்கே?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். குடிமையியல் என்றாலே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று, நாடாளுமன்றம், தேர்தல் பற்றிய காமெடி வீடியோக்களை ஹைடெக் லேபில் போட்டுக் காட்டினேன். வகுப்பே கலகலப்பாகிவிட்டது. ஆனால் மதிப்பெண் ஏறவில்லை. தலைமை ஆசிரியர் வேறு "இது பள்ளிக்கூடமா, சினிமாக் கொட்டகையா?" என்கிறார். நிறுத்திவிடவா?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம் டீச்சர். ஆனால் வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிற பழக்கம் இருந்தால் (நானும் செய்தவன்தான்) முதலில் அதை நிறுத்துங்கள்.

நான் வேலையில் இருந்தபோது, மாநிலங்களவை உறுப்பினர்கள் தூங்கி வழிகிற மாதிரி ஒரு கார்ட்டூன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரத் தேர்வில் "மாநிலங்களவையின் பணிகள் யாவை?" என்ற கேள்விக்கு ஒரு பையன் "வயதானவர்கள் ஓய்வெடுப்பார்கள்" என்று எழுதி வைத்திருந்தான். அவனை எப்படித் திட்டுவது, நான் காட்டியதே அதைத்தானே! அப்புறம்தான் புரிந்தது, ஜோக் மனதில் நிற்கும், ஆனால் ஜோக் மட்டும்தான் நிற்கும்.

மறு வருடம் அதே வீடியோவைப் போட்டு, "இந்தச் சபைக்கு ஒரு பவரும் கிடையாது" என்று வசனம் வந்து எல்லோரும் சிரிக்கிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு, "இது நிஜமா, கதையா?" என்று கேட்டேன். பாதி வகுப்பு நிஜம் என்றது. பண மசோதா, அதாவது வரி, அரசுச் செலவு பற்றிய மசோதா விஷயத்தில் கிட்டத்தட்ட நிஜம்தான். 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும், அது சொல்கிற திருத்தத்தை மக்களவை ஏற்கலாம், தள்ளியும் விடலாம். ஆனால் அரசியலமைப்பைத் திருத்துகிற மசோதா அங்கே தோற்றால் தோற்றதுதான், இரண்டு சபையையும் சேர்த்துக் கூட்டுக் கூட்டம் போட்டுக்கூடக் காப்பாற்ற முடியாது. "சார், மக்களவையைக் கலைக்கலாம், இதைக் கலைக்கவே முடியாதாம்!" என்று ஒரு பெண் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துக் கத்தினாள். அதையே நான் கரும்பலகையில் பத்து தடவை எழுதிப் போட்டிருந்தாலும் அப்படிப் பதிந்திருக்காது.

தலைகீழாகவும் நடக்கும். எம்.எல்.ஏ. ஆகாத ஆள் திடீரென்று மந்திரி ஆகிற காமெடி வந்தால் பிள்ளைகள் "தப்பு" என்பார்கள். தப்பில்லை. சட்டப்பிரிவு 164(4)இன்படி ஆறு மாதம் இருக்கலாம், அதற்குள் சட்டமன்றத்துக்கு வந்துவிட வேண்டும். மக்கள் ஓட்டுப் போடாமலே உறுப்பினராகக்கூடிய சட்ட மேலவையை நம் மாநிலத்தில் 1986இலேயே எடுத்துவிட்டதால் அந்தக் குறுக்கு வழியும் இல்லை, தேர்தலில் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஒரு வகை வீடியோவில் மட்டும் ஜாக்கிரதை. பஞ்சாயத்துத் தலைவி கையெழுத்து மட்டும் போடுவார், நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார் என்கிற ஜோக் ஏராளம். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் வகுப்பிலேயே ஒரு தலைவியின் மகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம், அந்த அம்மாவையா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டவரையா என்று பேச நேரம் இருக்கிற நாளில் காட்டுங்கள். கட்சித் தலைவர்களைக் கலாய்க்கிற வீடியோ வேண்டவே வேண்டாம், மறுநாள் காலையில் யாராவது ஒருவருடைய அப்பா பள்ளிக்கூட வாசலில் நிற்பார்.

தலைமை ஆசிரியருக்கு, எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், என்ன கேட்பீர்கள் என்று பாடக்குறிப்பிலேயே எழுதிக் காட்டுங்கள். ஒரு நாள் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மதிப்பெண்ணுக்கு, வீடியோ முடிந்த கையோடு லைட்டைப் போட்டு, அதே விஷயத்தில் ஒரே ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி, ஐந்து நிமிடம், புத்தகத்தின் வார்த்தைகளில் எழுதி வாங்குங்கள். "ஓய்வெடுப்பார்கள்" கேஸ் எல்லாம் அன்றைக்கே மாட்டிக்கொள்ளும், காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டியதில்லை.