வாசகர் கேள்வி–பதில்: தினசரிப் பயணத்துக்குப் பழைய டர்போ ஹேட்ச்பேக்

கேள்வி: வீடு வேளச்சேரியில், வேலை சிறுசேரி சிப்காட்டில். போக வர நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோமீட்டர். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ மீது எனக்கு நெடுநாள் ஆசை. 68,000 கிலோமீட்டர் ஓடிய 2017 மாடல், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், என் பட்ஜெட்டுக்குள் விலைக்கு வந்திருக்கிறது. தினமும் அலுவலகம் செல்ல இதை நம்பி வாங்கலாமா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: உங்கள் ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் தினமும் போய்வரும் சாலைதான் யோசிக்க வைக்கிறது. 2013இல் இங்கே அறிமுகமான ஜிடி டிஎஸ்ஐயின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 105 பிஎஸ் திறனும் 175 என்எம் டார்க்கும் (முறுக்குவிசை) தருவது. அந்த அளவு காரில் அந்தப் பிக்கப் இன்றைக்கும் மனத்தைக் கவரும். ஆனால், அதனுடன் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள் இருப்பவை இரண்டு உலர் கிளட்சுகள். வண்டி அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் முழுவதும் பிடிக்காமலும் முழுவதும் விடாமலும் உரசிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் இயங்கும் கிளட்சுகளில் அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடும், உலர் கிளட்சுக்கு அந்த வசதி கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக ஓடிப் பழகிய காரில் இதே பெட்டி வருடக்கணக்கில் தொல்லை தராமல் உழைக்கும். மெட்ரோ பணிகளால் குறுகிக் கிடக்கும் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), மாலை நேரத்தில், சித்திரை வெயில் இறங்குவதற்குள் நாள்தோறும் ஊர்ந்து வரும் காரில் அதே ஆயுளை எதிர்பார்க்க முடியாது. கியர்பெட்டியைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதி பழுதானால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆகவே, போலோதான் வேண்டும் என்றால், 2020இல் வந்து 2022இல் போலோ விற்பனை நிற்கும் வரை கிடைத்த 1.0 லிட்டர் டிஎஸ்ஐ காரைத் தேடுங்கள் என்றே சொல்வேன். மூன்று சிலிண்டர்தான், சற்று அதிர்வும் உண்டு. ஆனால் 110 பிஎஸ் திறன், 175 என்எம் டார்க். ஆட்டோமேட்டிக் மாடலில் டிஎஸ்ஜிக்குப் பதிலாக, உரசும் கிளட்சுக்கு மாற்றாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் வருகிறது. நெரிசலில் ஊர்வதற்கு அதுவே தாங்கும். இந்த இன்ஜின் குடும்பமும் இந்த வகைக் கியர்பெட்டியும் விர்ட்டஸ், டைகுன் கார்களில் தொடர்வதால், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டிய நிலை சீக்கிரம் வராது. விலை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் தொகையை டிஎஸ்ஜி பழுதுக்கு ஒதுக்க வேண்டிய பணத்தோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தோன்றாது.

மனம் அந்த 2017 காரிலேயே நிற்குமானால், விற்பவரிடம் நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் போய் முதலில் பானெட்டின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தையோ புகையையோ மறைக்க இன்ஜினை முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. டெஸ்ட் டிரைவ் என்று தெருவை ஒருமுறை சுற்றி வருவதில் பயனில்லை; டிஎஸ்ஜியின் கோளாறு பெட்டி சூடான பிறகே வெளிப்படும் என்பதால், நெரிசலில் முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தானாக நகரவிட்டால், முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும் இடத்தில் நடுக்கம் தெரிகிறதா, மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது உதறுகிறதா, மீட்டரில் கியர் எழுத்து மினுக்குகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விலை பேசுவதை விட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

வேளச்சேரியில் இருப்பவருக்கு மழை வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நீரில் நின்ற கார்களும் சந்தையில்தான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். மேலே கழுவியவர்களும் அங்கே கழுவ மறந்துவிடுகிறார்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியும், முன் இருக்கை நகரும் தண்டவாளத்தின் துருவும் மிச்சக் கதையைச் சொல்லும்.

டிஎஸ்ஐ கார்களில் இன்ஜினின் கணினி நிரலை மாற்றித் திறனைக் கூட்டும் ‘ஸ்டேஜ் 1’ ரீமேப் பரவலாக நடப்பது. விற்கும் முன் பழைய நிரலுக்கே திருப்பிவிடுவதும் உண்டு. எனவே, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் ஒருமுறை ஸ்கேன் செய்து, அங்கேயே ஓடோமீட்டர் அளவுடன் கூடிய சர்வீஸ் விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மைலேஜைப் பொறுத்தவரை, நகர நெரிசலில் லிட்டருக்குப் பத்து, பதினொன்று என்றே திட்டமிடுங்கள்.

கேள்வி: தினமும் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குச் சென்று வருகிறேன். டாடா டியாகோ ஜேடிபி ஒன்று விலைக்கு வந்துள்ளது. உற்பத்தி நின்றுபோன காரை வாங்குவது புத்திசாலித்தனமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துக் கார் அது. டாடா மோட்டார்ஸும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாக உருவாக்கி, 2018 அக்டோபரில் வெளியிட்டார்கள். பிஎஸ்6 புகை மாசு விதிகள் வந்தபோது நின்றுபோயிற்று. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 பிஎஸ், 150 என்எம், ஐந்து கியர் மேனுவல். நான்குவழிச் சாலையில் நீண்ட தூரம் ஓடும் உங்களுக்கு, வேளச்சேரி வாசகருக்கு இருக்கும் கிளட்ச் சூட்டுக் கவலை இல்லை. இன்ஜின் நெக்ஸானின் டர்போ இன்ஜினை அடிப்படையாகக் கொண்டது என்பதால் அதற்கான பாகங்கள் கிடைக்கும். கதவு, கண்ணாடி போன்றவை சாதாரண டியாகோவுடையவையே. பிரச்சினை ஜேடிபிக்கென்றே செய்த முன் பம்பரிலும், காற்றுத் துளைகள் கொண்ட பானெட்டிலும்தான் வரும். அவை இரண்டும் அடிபடாமல், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கப்படாமல் இருக்கும் காராக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். சாதாரண டியாகோவை விட 4 மில்லிமீட்டர் தாழ்வானது. ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளில் அடி தட்டுகிறதா என்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் கேரளப் பதிவெண் கொண்ட ஹூண்டாய் ஐ20 என் லைன் மலிவாகக் கிடைக்கிறது. நாகர்கோவிலுக்குக் கொண்டுவரலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கொண்டுவரலாம், ஆனால் மலிவு என்பதை எல்லாக் கணக்கையும் போட்ட பிறகு சொல்லுங்கள். கேரளப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, இல்லாமல் இங்கே பெயர் மாற்ற முடியாது. இங்கே சாலை வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்பது அந்த வரியைக் கட்டியவருக்கான தனி அலைச்சல், எனவே அது யாருக்குச் சேரும் என்பதை விலை பேசும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கடன் பாக்கி இருந்திருந்தால் வங்கிக் கடிதமும், பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35உம் கையில் வந்தபின் முன்பணம் கொடுங்கள். உரிமை மாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கோருங்கள். இழப்பீடு கோராததற்காகப் பழைய உரிமையாளர் பெற்ற பிரீமியம் தள்ளுபடி, அதாவது ‘நோ கிளெய்ம் போனஸ்’, அவரோடு போய்விடும் என்பதால், அந்த வித்தியாசத் தொகையை நிறுவனம் உங்களிடம் கேட்கும்.