கறியை விட்ட மகள், சர்க்கரை உள்ள தாய்: தட்டில் எதைச் சேர்ப்பது?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மகளுக்கு 19 வயது, 48 கிலோ எடை. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டியதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. பால், தயிர் மட்டும் உண்டு. மாதவிடாயின்போது உதிரப்போக்கு அதிகம் உள்ள பெண் என்பதால், ரத்தம் குறைந்துவிடும் என்று என் மாமியார் பயப்படுகிறார். எனக்கு 47 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். நானும் சைவத்துக்கு மாறினால் சர்க்கரையும் கொழுப்பும் குறையுமா?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் மகளைப் பற்றி. ஓர் உயிரைக் கொல்வது மனத்துக்கு ஒப்பவில்லை என்பதே சைவத்துக்குப் போதுமான காரணம். அதற்கு மருத்துவச் சான்று எதுவும் தேவையில்லை. "உடம்புக்கு ஆகாது, சாப்பிடு" என்று அந்தப் பெண்ணை வற்புறுத்தாதீர்கள். கறியில்லாமலும் ஆரோக்கியமாக வாழலாம். உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது, கறியை எடுத்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான்.

கறியை விட்டவர்களிடம் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: சோறு, குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பருப்பு, பயறு என்ற பேச்சே இராது. இப்படிச் சாப்பிட்டு உடம்பு சோர்ந்தால் பழி சைவத்தின் மேல் விழுகிறது.

புரதத்துக்கு அஞ்ச வேண்டாம். கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை; உங்கள் மகளுக்குச் சுமார் 40 கிராம். சமைக்காத அளவில் 200 கிராம் அரிசியில் 14 கிராம், 50 கிராம் பருப்பில் 11, பாலும் தயிருமாக 400 மில்லியில் 12, ஒரு கை வேர்க்கடலையில் 7 என்று கூட்டினால் தேவை நிறைந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாடு என்றால் கோழியும் நண்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மொச்சை மண்டி, பருப்பு உருண்டைக் குழம்பு, கடலைப்பருப்பு சேர்த்த வாழைப்பூக் கோலா எல்லாம் நம் அடுப்படியில் உள்ளவைதானே. இவற்றில் ஒன்றாவது தினமும் இலையில் இருக்கட்டும்.

இரும்புச்சத்தில் மாமியாரின் பயம் நியாயமானது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு, கறியில் உள்ளதுபோல எளிதில் உடம்பில் சேராது. சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். ஆனால் அதிக உதிரப்போக்கைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் மிகவும் கவலைப்படுவது வைட்டமின் பி12 பற்றி. இயற்கையாகப் பயறிலும் கீரையிலும் நம்பத்தக்க அளவில் இது கிடையாது. நாள் தேவை 2.2 மைக்ரோகிராம், 400 மில்லி பாலும் தயிரும் அதை முழுதாக நிரப்பாது. கல்லீரலில் இருப்பு உள்ளதால் குறைபாடு வெளியே தெரிய ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். உங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறையும். பாதம் எரிகிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கிறது என்றால் "சர்க்கரைதான்" என்று விட்டுவிடுகிறோம். காரணம் பி12 குறைவாகவும் இருக்கலாம். இருவரும் இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறைவு என்றால் மாத்திரையோ ஊசியோ போதும். மகள் நாளை பாலையும் விட்டுவிட்டால் பி12 மாத்திரை கட்டாயம்.

உங்களைப் பொறுத்தவரை சைவத்தால் இதயத்துக்கு நன்மை உண்டு. சுமார் 48,000 பேரை 18 ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. கறி உண்பவர்களைவிடச் சைவ உணவு உண்பவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய் 22 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. பி12 போன்ற சத்துகளின் குறைவு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டில் கறி உண்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்புக்கண்டத்தை அடிக்கடி வறுப்பவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த உப்பே கேடு.

சர்க்கரை குறையுமா என்றால், கறியை விட்டதால் மட்டும் குறையாது. கறியில் மாவுச்சத்து இல்லையே! வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இனிப்புச் சீயமும் சுத்த சைவம்தான். மூன்றும் எண்ணெயில் பொரித்தவை, பின்னிரண்டிலும் வெல்லமும் உண்டு. கவுனி அரிசி நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சீனியும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிண்டியபின் அது உங்களுக்கு இனிப்புப் பண்டம்தான். சோற்றைப் பாதியாக்குங்கள், அந்த இடத்தைச் சுண்டலும் காய்கறியும் நிரப்பட்டும். சர்க்கரை இறங்குவது அதனால்தான்.

சோற்றைக் குறைக்கும்போது ஓர் எச்சரிக்கை. கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. உணவு மாற்றத்தை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் பருப்பின் அளவையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, பி12 நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஹீமோகுளோபின், இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 போதும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்து, இரண்டு முடிவுகளையும் சேர்த்து அனுப்புங்கள்.