இனி அது உன் இருக்கை அல்ல

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசிப்புக் குழுவில் வடமொழி நாடகாசிரியன் பாசனின் 'ஊருபங்கம்' (தொடை முறிதல்) நாடகம் பற்றிப் பேச்சு வந்தது. துரியோதனனைத் துன்பியல் நாயகன் என்று சொல்லலாமா என்று பெரிய விவாதம். ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன் என்றவன், பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரச் செய்தவன். அவனுக்காக எப்படி இரங்குவது? பாசன் அவனுக்கு வெள்ளையடிக்கிறான் என்று நான் வாதிட்டேன். அரிஸ்டாட்டிலின் இலக்கணத்துக்கும் அவன் பொருந்தவில்லையே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூன்று வாரமாக அந்த நாடகம்தான் என் மேஜைமேல் கிடக்கிறது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா தெரியவில்லை.

அரிஸ்டாட்டிலை விட்டுவிடுவோம். மிக நல்லவனும் இல்லாமல் கயவனும் இல்லாமல் நடுவே நிற்பவன் தன் பிழையால் வீழவேண்டும் என்றார். கிரேக்க மேடையைப் பார்த்துச் சொன்னது அது. பாசனை அதில் நிறுத்தி அளப்பதில் எனக்கு ஆர்வமில்லை. 1912 முதல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்த நாடகங்கள் பாசனுடையவைதானா என்ற சர்ச்சையும் இங்கே வேண்டாம்.

வெள்ளையடிக்கிறான் என்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். நாடகத்தைப் படித்தீர்களா, இல்லை யாரோ அதைப் பற்றி எழுதியதைப் படித்தீர்களா? ஒரே அங்கம்தான். ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? பாண்டவரை அழிப்பேன் என்று அசுவத்தாமன் கொதிக்கும்போது, பீமனால் தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன் தன் வாயாலேயே கணக்குச் சொல்கிறான். திரௌபதியைக் கூந்தல் பற்றி இழுத்தது, குழந்தை அபிமன்யுவைக் கொன்றது, கள்ளச்சூதில் வென்று அவர்களைக் காட்டுக்கு விரட்டியது. யோசித்துப் பார், அவர்கள் எனக்குச் செய்தது கொஞ்சம்தான் என்கிறான். வெள்ளையடிக்க வந்தவன் இந்தச் சுலோகத்தை எழுதுவானா? பாரதத்தின் துரியோதனன் அப்படிச் சாகவில்லை. பாஞ்சாலியின் பிள்ளைகளை அசுவத்தாமன் இரவில் வெட்டிப்போட்ட சேதி கேட்டு மகிழ்ந்து உயிர்விடுகிறான். பாசன் அந்த மகிழ்ச்சியைப் பிடுங்கிக்கொண்டான்.

பிடுங்கிக்கொண்டு என்ன கொடுத்தான் என்று பாருங்கள். துர்ஜயன் என்று ஒரு சின்ன மகனைக் கொடுத்தான். பார்வையற்ற தாத்தாவோடும் பாட்டியோடும் போர்க்களத்தில் அப்பாவைத் தேடி வருகிறான் பையன். நடந்து களைத்தவன் நேராக மடியில் ஏறப் பார்க்கிறான். அப்பா தடுக்கிறார். ஏன் என்று கேட்கிறான். வேறெங்காவது உட்கார், மகனே, இன்று முதல் அது உன் இருக்கை அல்ல என்கிறார்.

சபையில் பாஞ்சாலிக்குத் திறந்து காட்டிய தொடை அது. அதை உடைப்பேன் என்று பீமன் சபதம் போட்டான். உலகத்துக்கெல்லாம் அது அகங்காரத்தின் தொடை. துர்ஜயனுக்கு மட்டும் தினமும் ஏறி உட்காரும் இடம். இரண்டும் ஒரே தொடை, ஆர்! சபையில் அதைத் தட்டியபோது, வீட்டில் தன் மகன் உட்காரும் இடத்தைத் தட்டுகிறோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

என் அப்பாவும் ஆசைப்பட்டு அழிந்தவர். நன்றாக நடந்த ஒரு தொழிலை வைத்துக்கொண்டு, கடன் வாங்கி இன்னும் மூன்று தொடங்கினார். அம்மாவின் நகை போயிற்று, வீடு போயிற்று. சித்தப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டார் என்று பின்னால் தெரிந்தது. பதினோரு வருடம் நான் அவரோடு பேசவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, நான்கு வயது மகளோடு போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் போனேன். அவள் கட்டிலில் தொற்றி அவர் மடிக்குத் தாவப் பார்த்தாள். சட்டென்று உள்ளங்கையை விரித்துத் தடுத்தார். பிறகு தலைக்கு வைத்திருந்த தலையணையை உருவிப் பக்கத்தில் போட்டு, "இங்க உக்காரு தாயி" என்று தட்டினார். தட்டும்போது அவர் கண் என்மேல் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. போன மாதம் போய்விட்டார்.

நாயகனா என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பெயரில் வேண்டுமானாலும் அழையுங்கள். எங்கே போகிறீர்கள் என்று துர்ஜயன் கேட்கிறான். என் நூறு தம்பிகளிடம் என்கிறான் அப்பன். என்னையும் கூட்டிப்போங்கள் என்கிறது குழந்தை. "போ மகனே, இதைப் பீமனிடம் சொல்."

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். குழந்தையின் வரிகளை வேறு யாருக்கும் கொடுக்காமல் நீங்களே படியுங்கள்.