ஃப்ரீசர் அறையின் தரை நடுவில் எழும்புகிறது: உடைக்கலாமா?

கேள்வி: மாதவரத்தில் மீன், இறால் வைக்கும் கோல்ட் ஸ்டோரேஜ் நடத்துகிறோம். மைனஸ் 20 டிகிரியில் ஆறு வருடமாக ஓடுகிறது. இப்போது தரை நடுவில் புடைத்து ரேக்குகள் சாய்கின்றன. மழையில் களிமண் உப்பிவிட்டது, மேட்டைச் செதுக்கி எபாக்ஸி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் காண்டிராக்டர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு யாரையும் அந்தத் தரையில் கை வைக்க விடாதீர்கள். உங்கள் அறைக்கு அடியில் மண் உறைந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

சென்னையில் மண் உறையுமா என்று கேட்பீர்கள். உறையும். தரைக்கு அடியில் போட்ட பஃப் (குளிர் தடுக்கும் நுரைப் பலகை) குளிரைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. வருடக்கணக்கில் குளிர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சுவரோரத்துக்கு வெளி மண்ணின் சூடு கிடைக்கிறது. நடுவுக்கு அது எட்டுவதில்லை. அதனால்தான் நடுவில் புடைக்கிறது. களிமண் மழைக்கு உப்புவதாக இருந்தால் கோடையில் இறங்கியிருக்க வேண்டும், ஓரத்திலும் தெரிந்திருக்க வேண்டும். மே மாதத்திலும் மேடு ஏறிக்கொண்டுதான் இருந்ததா என்று உங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரைக் கேளுங்கள்.

தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருகும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது மட்டும்தான் காரணம் என்றால் ஒரு மீட்டர் ஆழம் உறைந்தாலும் தரை மூன்று நான்கு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். நிஜத்தில் உறையும் மண், திரி எண்ணெயை இழுப்பதுபோல, கீழிருந்து தண்ணீரை மேலே இழுத்து அடுக்கடுக்காகப் பனிக்கட்டி ஆக்குகிறது. 1930 வாக்கில் அமெரிக்காவில் ஸ்டீபன் டேபர் என்ற நிலவியல் ஆய்வாளர் இதைச் சோதித்தார். தண்ணீருக்குப் பதில், உறைந்தால் சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். அப்போதும் மண் எழும்பியது. உங்கள் மேட்டில் துளையிட்டு மண் எடுத்தால், சாம்பல் நிறக் களிமண்ணுக்கு நடுவே தெளிந்த பனிக்கட்டிக் கோடுகள் படுக்கைவாட்டில் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். குளிரும் தண்ணீரும் கிடைக்கும்வரை அவை தடித்துக்கொண்டே போகும். மேலே சரக்கை ஏற்றினால் அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். கடலோர மணலாக இருந்தால் இவ்வளவு தண்ணீரை இழுத்திருக்காது. உங்கள் பக்கம் ஏரியோரக் களிமண், ஐப்பசி கார்த்திகையில் நீர்மட்டமும் மேலே வந்துவிடும்.

மேட்டைச் செதுக்கினால் கான்கிரீட் மெலியும், ஆறு மாதத்தில் மறுபடி எழும்பும், மறுபடி பில் வரும். இன்னொரு கூட்டம் பிரஷர் கிரவுட்டிங், அதாவது சிமெண்ட் குழம்பை அழுத்தித் தரைக்கு அடியில் செலுத்துவது, என்று வரும். எழும்பிய தரைக்கு அடியில் இன்னும் எதையாவது திணிப்பதில் என்ன நியாயம்? எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது கடன், மானியக் கோப்பு முடித்துத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்கள் மேல். உருளைக்கிழங்குக் கிடங்குக்குப் போட்ட வரைபடத்தையே ஃப்ரீசருக்கும் பெயர் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்த கோப்புகளில் பேனல் தடிமனுக்கும் கம்பிரஸருக்கும் பக்கம் பக்கமாகக் கேள்வி இருக்கிறது. தரைக்கு அடியில் மண் என்ன, அங்கே வெப்பநிலையை யார் அளப்பது என்று ஒரு வரி கூட இல்லை. முத்திரை மட்டும் சரியாக விழுந்துவிடுகிறது.

பூஜ்ஜியத்துக்கு மேலே ஓடும் அறைகளுக்கு இந்தப் பயம் வேண்டாம். பிளஸ் 2 டிகிரியில் ஆப்பிள் வைக்கும் அறைக்கு அடியில் மண் உறையாது. ஆனால் அந்தச் சலுகை அந்த வெப்பநிலைக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. பழ வியாபாரம் படுத்தது, ஐஸ்கிரீம் கம்பெனி வாடகைக்குக் கேட்கிறது என்று அதே அறையைப் பெரிய கம்பிரஸர் வைத்து மைனஸ் 20க்கு இறக்குகிறார்கள். சுவர் பேனலை மாற்றுவார்கள், கதவை மாற்றுவார்கள், தரையை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். முதல் வருடம் ஒன்றும் ஆகாது. அதனால் எல்லாம் சரி என்று இன்னொரு அறையையும் மாற்றுவார்கள். வாங்கிய கட்டடம், வாடகைக் கட்டடம் என்றால் அது முதலில் எதற்குக் கட்டியது என்று கேட்காமல் ஃப்ரீசர் ஓட்டாதீர்கள். உங்களுடையதும் அப்படி மாற்றியதா என்று பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சர்வேயரை வைத்து லெவல் கருவியால் தரை முழுக்க மட்டம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை அதே புள்ளிகளில் திரும்ப எடுங்கள். மேட்டில் ஒன்று, சுவருக்கு வெளியே ஒன்று என ஒன்றரை மீட்டர் துளை போட்டு வெப்பநிலை சென்சார் இறக்குங்கள். வெளியே 28, 29 காட்டும்போது உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். துளை போடும் முன் அடியில் ஹீட்டர் வயரோ காற்றுக் குழாயோ போகிறதா என்று பழைய வரைபடத்தில் பாருங்கள். குழாய் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கலாம்: வெளிக்காற்று ஓடி மண்ணைச் சூடாக வைக்க வேண்டிய குழாய்கள் மழைச் சேற்றால் அடைத்துக் கிடக்கும், அல்லது எலி வருகிறது என்று யாராவது சிமெண்ட் பூசியிருப்பார்கள்.

பயந்துபோய் கம்பிரஸரை மட்டும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உறைந்த மண் கெட்டியாக நிற்கும். வேகமாக உருகினால் இழுத்து வைத்த தண்ணீர் முழுவதும் போக வழியில்லாமல் சேறாகும். தரை ஒரு பக்கமாக உட்காரும், ரேக் சரியும். முதலில் அந்தப் பகுதி ரேக்குகளைக் காலி செய்யுங்கள். அப்புறம் பக்கவாட்டில் துளையிட்டுத் தரைக்கு அடியில் சூடு கொடுக்கும் குழாய்களைச் செலுத்தி, மாதக்கணக்கில் மெல்ல உருக்க வேண்டும். கம்பிரஸர் வெளியே தள்ளும் சூட்டையே இதற்குப் பயன்படுத்தலாம். மண் முழுக்க உருகி, மட்டம் இரண்டு மூன்று மாதம் அசையாமல் நின்ற பிறகு தரை வேலையைத் தொடங்குங்கள். அதன் பிறகும் அந்தச் சூட்டை நிறுத்தாமல், தரைக்கு அடியில் பிளஸ் 5 டிகிரி அளவில் வைத்திருங்கள். சென்சார் காட்டுவதைக் கம்பிரஸர் பதிவேட்டிலேயே தினமும் எழுதச் சொல்லுங்கள்.