கேளுங்க சொல்றேன்: தாத்தா பெட்டியில கிடைச்ச ரோல்ஸ் ரேஸர்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில, தன் டப்பாவுக்குள்ளேயே பிளேடைத் தீட்டிக்குற அந்தக் காலத்து ரோல்ஸ் ரேஸர் ஒண்ணு வாங்கி ஷேவ் பண்ணிப் பார்த்த கதையை போன இதழ்ல ரெண்டே வரியில சொல்லிட்டு விட்டுட்டேன், அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தா பாதி வீட்டுப் பரண்ல ஒண்ணு தூங்குது போல. அதனால இந்தத் தடவை முழுக்க ரேஸர்தான், அரசியல் கேள்வி கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

சார், தாத்தாவோட டிரங்குப் பெட்டியில வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு கனமான டப்பா கிடைச்சுது. ரெண்டு பக்கமும் மூடி, ஒண்ணுல கல்லு, இன்னொண்ணுல தோலு, நடுவுல பிளேடு. தோல் ஒட்டின மூடியைத் திறந்து தினமும் முப்பது தடவை முன்னும் பின்னும் ஆட்டித்தான் ஷேவ் பண்றேன். ஒரு வாரமா முடியைப் பிடிச்சு இழுக்குது, கழுத்து முழுக்க எரியுது. ரேஸர் செத்துப்போச்சா?
*(தஞ்சாவூர் வாசகர்)*

ரேஸர் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் அதைக் கொன்னுட்டு இருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க கடிதத்துலயே பதில் இருக்கு பாருங்க. தோல் மூடியைத் திறந்து வெளியில வச்சுட்டீங்க. அப்போ டப்பாவுல மிச்சம் இருக்குறது எது? கல் மூடி. நீங்க ஆட்டுன முப்பது ஆட்டமும் தோல்ல நடக்கலை, சாணைக்கல்லுல நடந்திருக்கு. தினமும் முப்பதுன்னா ஒரு வாரத்துல இருநூறுக்கு மேல, எந்தக் கத்திதான் தாங்கும் சொல்லுங்க.

இந்த டப்பாவோட சூட்சுமமே இதுதான். எந்த மூடியை மூடி வச்சிருக்கீங்களோ அதுலதான் பிளேடு உரசும், எதைத் திறக்குறீங்களோ அந்த வழியா கைப்பிடியை நிமிர்த்தி ஆட்டணும். தோல்ல தீட்டணும்னா கல் மூடியைக் கழட்டணும், கல்லுல பிடிக்கணும்னா தோல் மூடியைக் கழட்டணும். பார்க்கத் தலைகீழா தெரியும், நானும் முதல் நாள் இதே தப்பைத்தான் செஞ்சேன், ஆனா எனக்கு அஞ்சாவது ஆட்டத்துலயே கரகரன்னு சத்தம் வந்து சந்தேகம் வந்துடுச்சு. தோல்ல போனா மெத்துன்னு போகும், ரெண்டு கடைசியிலயும் பிளேடு தானா புரண்டு விழுறப்ப மட்டும் டக், டக்னு கேட்கும். காலைல ஆறு மணிக்கு வீட்டுல எல்லாரையும் எழுப்பி விட்டுரும்கிறது தனி.

கல்லு எப்பவாவது ஒரு தடவைதான், அதுவும் விரல் விட்டு எண்ணுற மாதிரி சில ஆட்டம். தோல் தினமும், ஷேவிங்குக்கு முன்னாடி இருபத்தஞ்சு முப்பது. அந்தக் காலத்து சலூன்ல அண்ணன் தோல்வார்ல கத்தியைச் சரக் சரக்னு இழுப்பாரே அதே வேலைதான், ஆனா அவரு கை செய்யுறதை இந்த டப்பாவுல ஒரு பல்சக்கரம் செய்யுது. கல்லுல அளவுக்கு மீறிப் பிடிச்சா கூர் ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத பிசிறு எழும்பி நிக்கும், அதுதான் உங்க முடியைப் பிடிச்சு இழுக்குது.

இப்போ என்ன செய்யலாம்னா, கல்லை மறந்துடுங்க. கல் மூடியைக் கழட்டிட்டு தோல்ல நிதானமா அம்பது அறுபது ஆட்டம் ஆட்டுங்க, முன்கை முடியில வச்சுப் பாருங்க, தொட்டதும் உதிர்ந்தா சரி. தோல் காஞ்சு கட்டை மாதிரி இருந்தா உள்ளங்கையால நல்லா தேய்ச்சு விடுங்க, அப்பவும் சரியா வரலைன்னா பச்சைக் கலர் குரோமியம் ஆக்சைடு பாலிஷ் துளியூண்டு தடவலாம். பழைய டப்பாவுல சில சமயம் கல்லு விரிசல் விட்டிருக்கும், அப்படி இருந்தா அதுல பிளேடை விடவே விடாதீங்க, விரிசல் கூரைச் சிதைச்சிடும்.

அப்புறம் ஷேவிங். பிளேடைக் கழட்டி டப்பாவுக்குள்ளேயே இருக்குற சின்னக் கைப்பிடியில மாட்டுறீங்க இல்ல, அது இன்னைக்கு நம்ம கையில இருக்குற பிளாஸ்டிக் ரேஸர் மாதிரி இல்லை, பிளேடு தடிமன் கூட. அழுத்தவே கூடாது, அதோட எடைக்கே அது போகும். முகத்துல வெந்நீரை ரெண்டு மூணு நிமிஷம் விட்டு ஊற வச்சா முடி தண்ணியை உறிஞ்சி மிருதுவாகும், அதுக்கப்புறம் பிரஷ்ஷால சோப்பு நுரை, முடி போற திசையிலேயே சின்னச் சின்ன இழுப்பு. எதிர் ஷேவிங் எல்லாம் ஒரு மாசம் கழிச்சு வச்சுக்கலாம். மூக்குக்குக் கீழ எனக்கு இன்னும் சரியா வரலை, ரேஸரோட தலைப் பகுதி அந்த இடுக்குக்கு ரொம்பப் பெருசு, அங்க மட்டும் வேற ரேஸர்தான், வெட்கம் இல்லாம ஒத்துக்குறேன்.

ரோல்ஸ்னா ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனி செஞ்சதா? என் மச்சான் அப்படித்தான் சொல்லிட்டுத் திரியுறாரு.
*(திருச்சி வாசகர்)*

மச்சானை விட்டுறாதீங்க, பந்தயம் கட்டுங்க. காருக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது லண்டன் கிரிக்கிள்வுட்ல இருந்த ரோல்ஸ் ரேஸர் கம்பெனியோட சரக்கு, 1920கள்ல இருந்து சில பத்து வருஷம் நல்லா ஓடுச்சு. அதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல ஜில்லெட் தூக்கிப் போடுற பிளேடைக் கொண்டு வந்துட்டாரு, 1903ல மொத்தமே 51 ரேஸரும் 168 பிளேடும்தான் வித்துச்சு, மறு வருஷமே ரேஸர் தொண்ணூறாயிரம். அப்படி ஊரே பிளேடு வாங்கித் தூக்கிப் போட ஆரம்பிச்ச காலத்துல, ஒரே பிளேடைத் தீட்டித் தீட்டி வருஷக்கணக்கா ஓட்டலாம்னு சொல்லி வித்தாங்க பாருங்க, அதுதான் இந்த டப்பா.

கடைசிக் காலம்தான் வேடிக்கை. ஜான் புளூம்னு ஒரு வியாபாரி, வாஷிங் மெஷினைக் கடைக்கே அனுப்பாம நேரா வீட்டுக்கு வித்தவரு, இந்த கம்பெனி பேருலதான் அந்த வியாபாரத்தை நடத்துனாரு. 1964ல அது படுத்துடுச்சு, இங்கிலாந்துல அன்னைக்குப் பெரிய செய்தி. ரேஸர் பேரை வச்சுக்கிட்டு வாஷிங் மெஷின் வித்து திவாலான கம்பெனி உலகத்துல வேற இருக்கான்னு தெரிஞ்சா எழுதுங்க.

எங்க வீட்டுக்காரரும் இதே மாதிரி ஒண்ணை எடுத்து வச்சுட்டு ஷேவ் பண்ணப் போறேன்னு நிக்கிறாரு. எவன் முகத்துல பட்டதோ, துரு வேற, எனக்குப் பயமா இருக்கு சார்.
*(கோவை வாசகி)*

உங்க பயம் நியாயம்மா, ஆனா பயப்பட வேண்டியது வேற இடத்துல. அம்பது வருஷம் பரண்ல கிடந்த கத்தியில மஞ்சள்காமாலைக் கிருமி உயிரோட இருக்காது. அந்தக் காமாலையைக் கொண்டு வர்ற ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியில குறைஞ்சது ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும், அதனால உண்மையான ஆபத்து இன்னைக்கு இன்னொருத்தர் ஷேவ் பண்ணி வச்சதை நாளைக்கு இவரு எடுக்குறதுதான். அண்ணன் தம்பியா இருந்தாலும் ஒரு ரேஸர் ஒரு ஆளுக்குத்தான்.

துருவால ஜன்னி வரும்னு சொல்றதும் பாதி உண்மைதான். டெட்டனஸ் கிருமி மண்ணுல இருக்குறது, துரு அதை உண்டாக்காது. ஆனா எங்கெங்கயோ கிடந்த சாமான், வீட்டுக்காரர் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேட்டுக்கோங்க. பிளேடை சோப்புத் தண்ணியில கழுவித் துடைச்சு, எழுபது சதவீத ஸ்பிரிட்டுல நனைச்சு எடுக்கச் சொல்லுங்க, கொதிக்க வைக்குறேன்னு டப்பாவோட போட்டுறாதீங்க, தோலு போயிடும். மேலாப்புல இருக்குற துருவைத் துடைச்சு எடுத்துடலாம். கூர் ஓரத்துலயே குழி குழியா அரிச்சிருந்தா மட்டும் அதை அலமாரியில அழகுக்கு வச்சுடுங்க. அந்தக் காலத்து இரும்பு, ஷேவ் முடிஞ்சதும் ஈரம் போகத் துடைக்காட்டி மறுநாளே புள்ளி விழும்.

இதை வித்தா லட்சக்கணக்குல வருமா?
*(விருதுநகர் வாசகர்)*

வராது. ஏகப்பட்டது செஞ்சு தள்ளியிருக்காங்க, அதனால அரிது கிடையாது. கல்லு விரிசல் இல்லாம, பூச்சு போகாம, அட்டைப்பெட்டியும் செய்முறைத் தாளும் சேர்ந்து இருந்தா கொஞ்சம் கூடக் கிடைக்கும். எனக்கு எழுநூறு ரூபாய் ஆச்சு, கடைக்காரர் ஆயிரத்துல ஆரம்பிச்சாரு.

இவ்வளவு மெனக்கெடணுமா? இதைவிட சுலபமா பழைய ரேஸர் எதாவது இருந்தா சொல்லுங்களேன்.
*(நாகர்கோவில் வாசகர்)*

சோம்பேறித்தனத்தை இவ்வளவு மரியாதையா யாரும் கேட்டதில்லை. வேலட் ஆட்டோஸ்ட்ராப்னு ஒண்ணு உண்டு, பிளேடைக் கழட்டவே வேண்டாம், ரேஸர் தலைக்குள்ளேயே தோல்வாரை விட்டு இழுத்தாப் போதும். வில்கின்சன் கம்பெனியோட ஏழு நாள் செட்டு இன்னும் ராஜா வீட்டு வேலை, கிழமைக்கு ஒரு பிளேடு, பிளேடு முதுகுல கிழமைப் பேரு இருக்கும். எதுவுமே வேண்டாம்னா சலூனுக்குப் போங்க, படிகாரம் தேய்க்குறதும் சேர்த்து வேற ஆளு பார்த்துப்பாரு. நானே வாரத்துல ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ரோல்ஸை எடுக்குறேன், ஆபீஸ் நாள்ல சாதா ரேஸர்தான்.

ஃபிளைட்ல கைப்பையில வச்சுக் கொண்டு போலாமா?
*(சென்னை வாசகர்)*

கத்தி சார் அது. செக்-இன் பெட்டியில போடுங்க.