இரண்டு முத்திரை இருந்தால் இரட்டிப்பு விலையா?

பாரிசில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஏலத்துக்கு வரும் மகாகனி மரத்து செக்ரெத்தேர் (எழுதுமேசை அலமாரி) ஒன்றைப் பார்த்தேன். முன்பலகையை இறக்கினால் எழுதுமேசை ஆகிவிடுகிறது. மேலே உள்ள பளிங்குக் கல்லுக்கு அடியில் 'ழாக்கோப் ஃப்ரேர், ரூ மெஸ்லே' (ழாக்கோப் சகோதரர்கள், மெஸ்லே தெரு) என்ற முத்திரை, பக்கத்திலேயே 'ஜே.எம்.ஈ.' முத்திரை. இரண்டும் இருப்பதால் விலை கூடுதலாம். வாங்கலாமா?"

அந்த விலைக்கு வேண்டாம். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் சிக்கலே.

ஜே.எம்.ஈ. என்பது பாரிஸ் மரவேலைக் கைவினைஞர் சங்கத்தின் குறி. 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒவ்வொரு ஆசானும் தன் பெயரைப் பதிக்க வேண்டும். சங்கத்தார் பட்டறைக்கு வந்து பார்த்து, வேலை சரியாக இருந்தால் இந்தக் குறியைப் பதிப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791-இல், சங்கங்களே ஒழிக்கப்பட்டன. பாரிசின் பெயர்பெற்ற மரச்சாமான் ஆசான் ஜார்ஜ் ழாக்கோப் தன் பட்டறையை இரு மகன்களிடம் ஒப்படைத்தது 1796-இல். 'ழாக்கோப் சகோதரர்கள்' என்ற முத்திரை அப்போதுதான் பிறந்தது. மூத்தவர் இறந்த 1803 வரை புழங்கியது. அதற்குள் சங்கக் குறியைப் பதிக்க ஆளே இல்லை.

சங்கக் குறி உள்ள பழைய சாமானைப் பின்னால் பழுது பார்த்த பட்டறையும் தன் பெயரைப் பதிப்பது உண்டுதான். அப்படியானால் முதலில் செய்தவரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். இருந்தாலும், அது ழாக்கோப் செய்த மேசை ஆகாது.

ஆனால் மேசையையே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். முத்திரை இல்லாத நல்ல பழைய சாமான்களில்தான் பின்னாளில் பெரிய பெயர்களை அடித்து விற்றார்கள். அதனால் மரத்தைப் பாருங்கள். ஓர் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, அடிப்பலகையில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். பழையதானால், கை இழைப்புளி ஓடிய மெல்லிய பள்ளங்கள் அலை அலையாகத் தெரியும். பலகைகளின் மூலையைக் கோக்கும் புறாவால் வடிவ மூட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. யார் கண்ணிலும் படாத அந்த இடத்தில் தச்சரின் கை அப்படியே நிற்கிறது. எனக்கு முகப்பின் வெண்கல வேலைப்பாட்டைவிட அதுதான் பெரிது. அப்புறம், மகாகனி மேலொட்டு (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) பெயர்ந்த ஓரத்தைப் பாருங்கள். கை ரம்பத்தால் அறுத்தது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், தடிமனும் ஏறி இறங்கும். காகிதம்போல் ஒரே சீராக இருந்தால் பிற்கால இயந்திர வேலை. வட்ட ரம்பத்தின் வளைவுக் கோடுகள் தெரிந்தாலும் அப்படியே.

பிடித்திருந்தால், முத்திரையைக் கணக்கில் சேர்க்காமல் விலை வையுங்கள். வாங்கும்போது, செய்த காலத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரான்சில் 1981-ஆம் ஆண்டு ஆணைப்படி, கேட்டால் தந்தாக வேண்டும். அதில் இன்ன 'எபோக்' (காலம்) என்று எழுதினால் அந்தக் காலத்தில் செய்தது என்பதற்கு விற்பவர் பொறுப்பு. 'ஸ்டைல்' (பாணி) என்று எழுதினால் எந்த உத்தரவாதமும் இல்லை.