முகமா, வானமா?

அன்புள்ள ஐயா,

படமெடுக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மாலை வெயிலில் நீர்க்கரையில் ஆட்களை நிறுத்தி, சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருக்கும்படி எடுக்கத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் வானத்துக்குச் சரியாக வைத்தால் முகம் கருத்துவிடுகிறது; முகத்துக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. யூவி, என்டி8, போலரைசர் என்று மூன்று ஃபில்டர்கள் வாங்கினேன். எதை மாட்டினாலும் அதே கதைதான். கிராஜுவேட்டட் என்டி வாங்கினால் தீருமா? நண்பர்கள் ஃபிளாஷ் வாங்கச் சொல்கிறார்கள். ஃபிளாஷ் போட்ட படங்களில் வரும் அந்தப் பளீர் முகம் எனக்குப் பிடிப்பதில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

இந்தப் படத்துக்காக என்றால் கிராஜுவேட்டட் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் என்டி8. வருகிற வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் அது உள்ளே விடும். அதாவது மூன்று ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அப்பர்ச்சர் மோடில், அதாவது லென்ஸின் துளையை நீங்கள் முடிவுசெய்ய, ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்படி வைத்து மாட்டியிருப்பீர்கள். முன்பு 1/800 காட்டிய ஷட்டர் இப்போது 1/100 காட்டும். ஃபில்டர் தடுத்ததை ஷட்டர் ஈடுகட்டிவிட்டது, அவ்வளவுதான். வானமும் எட்டில் ஒன்று, முகமும் எட்டில் ஒன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அப்படியே கிடக்கிறது. உங்களைப் படுத்துவது அந்தப் பள்ளம்தான்.

அதை ஒருமுறை அளந்து பாருங்கள். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) முகத்தை அளந்து ஷட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சூரியனை விட்டுத் தள்ளி வானத்தை. முகத்துக்கு 1/60, வானத்துக்கு 1/2000 என்று வந்தால் ஐந்து ஸ்டாப் வித்தியாசம். சென்சாரால் அதைப் பதிவுசெய்ய முடியாது என்றில்லை. ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்து முகத்தைப் பிறகு கணினியில் தூக்கலாம். ஆனால் அப்படித் தூக்கிய முகத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், தோலின் நிறமும் செத்துப்போகும்.

சரி, கிராஜுவேட்டட். மேல்பாதி இருட்டு, கீழ்பாதி தெளிவு. 0.6 என்று போட்டிருந்தால் இரண்டு ஸ்டாப், 0.9 என்றால் மூன்று. வெறும் நீரும் வானமும் என்றால் அருமையான சாமான். ஆனால் உங்கள் படத்தில் ஆள் நிற்கிறார். அவருடைய இடுப்பு நீரின் பக்கம், தலை வானத்தின் பக்கம். அடிவானத்தில் ஃபில்டரின் கோட்டை வைத்தால் வானத்தோடு சேர்த்து முகத்தையும் மூன்று ஸ்டாப் இருட்டாக்கும். ஏற்கெனவே கருத்த முகம்! நான் இதை ஒரு மாலை முழுக்கச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்துத்தான் உணர்ந்தேன். சட்டை தெளிவாக இருந்தது, கழுத்துக்கு மேல் ஆளையே காணோம்.

போலரைசரும் இங்கே கைகொடுக்காது. ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள், கட்டைவிரலைச் செங்குத்தாக விரியுங்கள். மணிக்கட்டைத் திருப்பத் திருப்பக் கட்டைவிரல் எங்கெல்லாம் காட்டுகிறதோ அங்கேதான் போலரைசர் வானத்தை ஆழ்ந்த நீலமாக்கும். நீங்கள் எடுப்பதோ சூரியன் இருக்கும் பக்கத்தையே. அங்கே அது ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டு, பதிலுக்கு ஏறக்குறைய எதுவும் தராது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் நீரை ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்த்தபடி மெதுவாகத் திருகுங்கள். ஒரு கட்டத்தில் மேலே இருந்த பளபளப்பு விலகி, அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். எந்தச் சாஃப்ட்வேராலும் அதைப் பிறகு கொண்டுவர முடியாது.

ஆக, வானத்தை இறக்க வழியில்லை. முகத்தைத்தான் ஏற்ற வேண்டும். அதற்கு, ஃபிளாஷை நாடும் முன், ஒரு பெரிய வெள்ளை அட்டையை ஆளின் முகத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். சூரியன் ஆளுக்குப் பின்னால் இருப்பதால் வெயில் அட்டையில் நேராக விழுந்து முகத்துக்குத் திரும்பும். தரையில் சாய்த்து வைக்காதீர்கள். கீழிருந்து வரும் வெளிச்சம் பேய்ப்படம் போல் இருக்கும். யாரையாவது முக உயரத்துக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு நல்லது.

ஐந்து ஸ்டாப் பள்ளத்துக்கு அட்டை போதாது என்றால் அப்புறம் ஃபிளாஷ். உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பளீர் முகத்துக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: கேமராவின் மேலேயே உட்கார்ந்து நேராக அடிப்பது, முகத்தைச் சுற்றுப்புறத்தைவிடப் பிரகாசமாக்குவது, நிறம். மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஃபிளாஷின் வெளிச்சம் கிட்டத்தட்ட 5500 கெல்வின், நடுப்பகல் வெள்ளை. உங்கள் மாலை வெயில் ஆரஞ்சு. அதனால்தான் முகம் வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது. ஃபிளாஷின் முன் ஒரு வெளிர் ஆரஞ்சு ஜெல் (வெளிச்சம் ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே தேவையான ஃபில்டர் அதுதான், லென்ஸில் மாட்டுவதல்ல.

மானுவலில், ஷட்டரை 1/200-இல் வையுங்கள். பல கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் அதையொட்டித்தான் இருக்கும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வானம் உங்களுக்குப் பிடித்த நிறத்துக்கு வரும்வரை அப்பர்ச்சரைச் சுருக்குங்கள் (எஃப் எண் கூடும்). முகம் கரியாக இருக்கட்டும். இப்போது ஃபிளாஷைக் கழற்றி, ஆளுக்குப் பக்கவாட்டில் வெள்ளைக் குடையோடு ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து, குறைந்த பவரில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முகம் வானத்தைவிட ஒரு படி மங்கலாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வானம் மட்டும் மாற வேண்டுமென்றால் ஷட்டரைத் தொடுங்கள். ஃபிளாஷ் கண்சிமிட்டும் நேரத்தைவிடச் சீக்கிரம் மின்னி முடிவதால் ஷட்டர் அதைப் பாதிக்காது. 1/200-ஐத் தாண்டாமல் கீழே போகிறவரைக்கும்தான் இது. தூரத்தையும் மறக்காதீர்கள்: ஒரு மீட்டரை இரண்டாக்கினால் முகத்துக்கு வரும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்.

வாங்கிய என்டி8 வீணா என்றால், இல்லை. இப்படி எடுக்கும்போது வானத்துக்காக எஃப்/11 வரை போக வேண்டி வரலாம். பின்னணி முழுக்கக் கூர்மையாக வந்து நிற்கும். என்டி8 மாட்டினால் அதே 1/200-இல் எஃப்/4-க்கு வந்துவிடலாம், பின்னணி கரையும். ஃபிளாஷின் வெளிச்சமும் ஃபில்டரில் குறையும்தான், ஆனால் அப்பர்ச்சரைத் திறந்ததில் அதுவும் சமமாகிவிடும். பவரைத் தொட வேண்டியதில்லை.

யூவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. டிஜிட்டல் கேமராவில் அதனால் எக்ஸ்போஷருக்கு ஒரு பயனும் இல்லை. நீர்த்திவலையும் மணலும் பறக்கும் இடத்தில் லென்ஸுக்குக் காவலாக மாட்டுங்கள். சூரியன் ஃபிரேமுக்குள் வரும்போது கழற்றிவிடுங்கள். அந்தத் தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சைப் பொட்டாக, சரியாக முகத்தின் மேல் வந்து உட்காரும்.

அன்புடன்.